மூலைத் துண்டு

மார்ச் 4

அன்புள்ள நோஞ்சானுக்கு,

உன்னோடு இனிப் பேச மாட்டேன் என்று கடை வாசலில் வைத்துச் சொன்னேன். அந்தச் சொல்லில் இப்போதும் நிற்கிறேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

விஷயம் குண்டம்மாவைப் பற்றியது. நீ ஆசை ஆசையாக வளர்த்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, ரொட்டியைப் பொங்க வைக்கும் அந்தப் புளிமாவு ஜாடி. தினமும் காலையில் கோதுமை மாவும் தண்ணீரும் வேண்டும் மகாராணிக்கு. கொடுத்தால் மதியத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளுகிறாள். ரொட்டிக்கு வேண்டியதை எடுத்த பிறகும் ஒரு பங்கை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைக் கட்டுப்படுத்த முடியாது என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். எடுத்துவிட்டேன். எடுத்ததை என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை. ஃப்ரிட்ஜில் வரிசையாக ஜாடிகள் நிற்கின்றன. பால் வைக்க இடமில்லை என்று உன் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ இருந்தபோது அதையெல்லாம் சனிக்கிழமை பிரவுனியாக்கிவிடுவாய். நானும் செய்து பார்த்தேன். முதல் தடவை பஞ்சு கேக் மாதிரி வந்தது. அடுத்த தடவை அதைக் கொண்டு சுவர் எழுப்பலாம். தினமும் செய்தித்தாளோடு வந்து ஜன்னலோரம் உட்காருவாரே வாத்தியார், அவர் ஒரு வாய் கடித்துவிட்டு, "தங்கச்சி எப்ப வருவாங்க?" என்று கேட்டார். "வர மாட்டா, சார்" என்றேன். மனிதர் மீதித் துண்டைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

புது ஓவன் வந்து இறங்கிய வாரத்தில், "எனக்கு இந்த வேலை வேணாம்ணா, நான் போறேன்" என்று ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த கடை. ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஏதோ ஓதியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு ரொட்டிக் கடை கண்ணில் படாதுதான்.

போகட்டும். பிரவுனி எப்படிச் செய்வது என்று மட்டும் எழுது. ஒன்று சொல்ல மறந்தேன். பிரவுனியை வெட்டியதும் எப்போதும் போல மூலைத் துண்டை உனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். பிறகு நீ இல்லை என்ற நினைவு வந்து, கோபத்தோடு நானே தின்றேன்.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத தடியன்


மார்ச் 13

அண்ணாவுக்கு,

வெண்ணெயையும் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கு. நேராக அடுப்பில் வைக்காதே, நீ வைத்திருப்பாய். முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து வரும்வரை அடி. உருக்கியது ஆறிய பிறகுதான் அதில் ஊற்ற வேண்டும். குண்டம்மாவிலிருந்து எடுத்து வைத்ததை ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே போடு. அதற்குப் புதிதாக மாவு ஊட்டிப் பொங்க வைத்துவிட்டுப் போட்டால் பஞ்சு கேக்தான் வரும். நீ முதல் தடவை செய்தது அதுதான். கோகோவும், இரண்டு கரண்டி மாவும் கடைசியில். கரண்டியால் மடித்துக் கலந்துவிட்டு நிறுத்து. ரொட்டி மாவு பிசைகிற மாதிரி அதோடு மல்லுக்கட்டாதே.

நடுவில் இன்னும் ஆடும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே மீதி வெந்துவிடும். உனக்கு எதையும் தீர்த்துக் கட்டாமல் விட முடியாது. அதனால்தான் சுவர் எழுப்பினாய்.

உன் கடிதத்தை அவர்தான் வாசித்துக் காட்டினார். உன் கண்ணாடிக்கடை வசனத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அவரை இதில் இழுக்காதே. கடையை விட்டது என் முடிவு. ஏன் என்று கேட்காதே.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். ஃப்ரிட்ஜில் இருப்பதில் பழையதைக் கொட்டிவிடு. கொட்டுவதும் அந்த வேலையில் ஒரு பாதிதான்.

தங்கை


மார்ச் 21

நோஞ்சானுக்கு,

பிரவுனி சரியாக வந்துவிட்டது. மேலே காகிதம் மாதிரி மெல்லிய பொருக்கு, உள்ளே ஈரம், அந்தப் புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும். வாத்தியார் இரண்டு துண்டு வாங்கினார். இதை நான் சந்தோஷமாக எழுத வேண்டும். முடியவில்லை.

நான் எழுதிய கடிதத்தைக் கையால் தொடக்கூட உனக்கு மனமில்லையா? இன்னொருவர் பிரித்து வாசித்துக் காட்ட வேண்டுமா? வக்கீல் நோட்டீஸா அது? உனக்கு எழுதப் படிக்கத் தெரியாதா, இல்லை என் கையெழுத்தைப் பார்த்தால் குமட்டுகிறதா?

நீ போகும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தாய், உனக்கு உடம்புக்கு ஏதோ என்று உன் அண்ணி சொல்கிறாள். அவளுக்கு எல்லோரும் நோயாளிகள். நீ பிறந்ததிலிருந்தே நோஞ்சான். பேக்கரி வைத்திருப்பவளைப் பார்த்தால் பட்டினி கிடக்கிறவள் மாதிரி இருக்கிறாள் என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். நீயும்தான் சிரித்தாய்.

இனி சுற்றி வளைக்கவில்லை. ஏன் போனாய் என்று ஒரு வரி எழுது. அந்த வரி வராவிட்டால் குண்டம்மாவைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை என்றே நினைத்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தடியன்


ஏப்ரல் 1

அண்ணா,

நீ கேட்ட ஒரு வரி இது. எனக்குக் கோதுமை ஆகாது.

ஆகாது என்றால் அஜீரணம் இல்லை. உள்ளே போனால் குடலின் உட்புறத்தையே அரித்துவிடுகிறதாம். சிறு வயதிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். முடி கொட்டியது, எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாதது, ஓவன் பக்கத்தில் மயங்கி விழுந்தபோது வெயில் என்று உன்னிடம் சொன்னது, எல்லாம் அதனால்தான். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரு துளிகூட வாயில் படக் கூடாது. ரொட்டிக் கடையில் மாவு காற்றிலேயே மிதக்கிறது. மூச்சில் போகும், உதட்டில் ஒட்டும். நான் அங்கே நின்ற ஒவ்வொரு நாளும் அதைத் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன்.

உன் கடிதத்தை அவர் பிரித்ததும் அதனால்தான். நீ மாவு மேஜையில் வைத்து எழுதுகிறாய். முதல் கடிதத்தின் மடிப்பைப் பிரித்ததும் என் மடியில் மாவு கொட்டியது. பக்கம் புரட்ட விரலால் எச்சில் தொடுகிற பழக்கம் எனக்கு உண்டு என்பது உனக்குத் தெரியும். அவர் பிடுங்கிக்கொண்டு போய்ப் பால்கனியில் உதறினார். அவருக்கு எல்லாவற்றுக்கும் பயம். இப்போது பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்று வாசிக்க, இந்தப் பக்கம் நான் உட்கார்ந்து கேட்கிறேன். நீ திட்டுகிற இடம் வந்தால் குரலைத் தணித்துக்கொள்கிறார்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் கடையை மூடியிருப்பாய். உன் மகளுக்குப் பூனையால் தும்மல் வந்தபோது பூனையோடு சோபாவையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தவன் நீ. நீ கோபமாக இருந்தால் கடை நடக்கும், பரிதாபப்பட்டால் நடக்காது என்று கணக்குப் போட்டேன். நீ கோபப்பட்டால் எனக்கு இவ்வளவு வலிக்கும் என்று அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடையை மூடாதே. குண்டம்மாவை ஊற்றாதே. அவள் மேல் என்ன தப்பு?

நோஞ்சான்


ஏப்ரல் 9

என் தங்கமே,

கடிதத்தை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் படித்து முடித்துவிட்டு, "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளும் அழுதாள்.

உனக்குத் தினமும் மதியம் சூடாக ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, "தின்னு, அப்பவாவது சதை புடிக்குதான்னு பாப்போம்" என்று கையில் திணித்தவன் நான்தானே. நீ வேண்டாம் என்று சொன்ன நாளிலும் விடவில்லை.

கடையை மூட மாட்டேன். நீ சொன்னதால் மட்டும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் என்னால் முடியாது. இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. உனக்கென்றே செய்த பிரவுனி. விடுமுறையில் கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுச் சமையலறையில் செய்தேன். புதுத் தட்டு, புதுக் கரண்டி, புது அகப்பை. பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள் உன் அண்ணி. மாவு மூட்டை இருக்கிற பக்கமே நான் போகவில்லை. நீ சொன்ன அந்த இரண்டு கரண்டி மாவையும் போடவில்லை. முட்டை, சர்க்கரை, வெண்ணெய், சாக்லேட், கோகோ, குண்டம்மா. அவ்வளவுதான். ஒரு சிட்டிகை மாவுகூட இதில் கிடையாது. நடுவில் ஆடும்போதே எடுத்துவிட்டேன்.

மூலைத் துண்டைத் தனியாகச் சுற்றி உன் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடாதே. அவரைப் பற்றி எழுதியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். இல்லை, இதை வாசிக்கிறவரே அவர்தானே. மாப்பிள்ளை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பயப்படாமல் சாப்பிடு. அண்ணன் செய்தது.

தடியன்


ஏப்ரல் 20

அண்ணா,

பெட்டி வந்தது. நன்றாக இருந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் இளகலாக இருந்திருக்கலாம், ஆனால் உனக்கு அது பெரிய முன்னேற்றம்.

இனி அனுப்ப வேண்டாம். கோபம் எதுவும் இல்லை. அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான்.

எழுத்து கோணலாக இருக்கிறது. கையில் ஊசி போட்ட இடம் வலிக்கிறது. வழக்கமான பரிசோதனை, கவலைப்படாதே.

தங்கை


ஏப்ரல் 29

தங்கச்சி,

மூன்று நாளுக்கு முன்னால் காலையில் குண்டம்மாவின் மூடியைத் திறந்தேன். கை நிறைய கோதுமை மாவை அள்ளினேன். ஜாடிக்கு மேலே கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் பிறந்ததிலிருந்து தின்றது அதைத்தானே. வேறு என்ன கொடுத்தோம் அவளுக்கு? நான் மூட்டைப் பக்கம் போகவில்லை என்று பெருமையடித்தேன். அந்த மூட்டையைத்தான் ஜாடி ஜாடியாக உன் பெட்டியில் ஊற்றினேன். அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி, அவளுக்குக் காய்ச்சல், அவளுக்குப் பசி என்று பேசிப் பேசி, அவளும் மாவு என்பதே என் புத்தியில் இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு நாள் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு!

பேச மாட்டேன் என்ற சத்தியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபோன் போட்டேன். மாப்பிள்ளை எடுத்தார். "மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. தண்ணிகூட வயித்துல நிக்கல" என்றார். "நீங்க அனுப்பின பெட்டி வந்தப்ப நான் வீட்ல இல்ல" என்றார். அதோடு ஃபோனை வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

என் மடத்தனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னைக் கேட்கிறேன். முதல் நாள் அந்த ஜாடியில் மாவையும் தண்ணீரையும் கரைத்தது உன் கை. அவள் வயிற்றில் என்ன இருக்கிறது என்று உன்னைவிடத் தெரிந்தவர் யார்? பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சாப்பிட்டாயா? ஏன்? எனக்குத் தண்டனை கொடுக்கவா? அதோடு, நன்றாக இருந்தது என்று எனக்கே எழுதுகிறாய்!

அன்றிலிருந்து அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை. மூன்று நாளாகக் கடை திறக்கவில்லை.

அண்ணன்


மே 8

அண்ணா,

முதலில் கடையைத் திற. பிறகு மீதியைப் படி.

பெட்டி வந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். உன் கடிதத்தை நானே பிரித்தேன், கையுறை போட்டுக்கொண்டு. 'ஒரு சிட்டிகை மாவுகூட இதில் கிடையாது' என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். உன்னால் மட்டும்தான் இப்படி ஒரு தப்புச் செய்ய முடியும். எனக்கு இந்த நோய் இல்லாவிட்டால் நானும் செய்திருப்பேன். அவளை மாவென்று யார் நினைத்தோம்?

பெட்டியை மூடி வெளியே வைத்திருக்க வேண்டும். வைக்கத்தான் எழுந்தேன். அப்போது மூலைத் துண்டு கண்ணில் பட்டது. பட்டர் பேப்பரில் சுற்றி, ரப்பர் போட்டு, மேலே உன் கோழிக்கிறுக்கலில் 'நோஞ்சானுக்கு மட்டும்'.

இப்போதெல்லாம் எல்லோரும் என்னிடம் சொல்வது ஒரே வார்த்தைதான். வேண்டாம். மருத்துவர் வேண்டாம் என்கிறார். இவர் வேண்டாம் என்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும், ஐயோ உனக்கு வேண்டாமே என்று தட்டை நகர்த்துகிறார்கள். நீ ஒருவன்தான், பயப்படாமல் சாப்பிடு என்று எழுதியிருந்தாய். தண்டனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது, சாப்பிட்டேன். ஒரே ஒரு துண்டு. அதற்கு மேல் காரணம் கேட்டால் எனக்கே தெரியாது. அது என் தப்பு, உன் தப்பு இல்லை. ருசியாக இருந்தது என்பதும் பொய் இல்லை.

இனி அப்படிச் செய்ய மாட்டேன். அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், உனக்கும் செய்கிறேன்.

அவர் இன்னும் உன்மேல் கோபமாக இருக்கிறார். என்மேல் காட்ட முடியாததையும் சேர்த்து உன்மேல் வைத்திருக்கிறார். உன்னை வீட்டுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். நாளெல்லாம் கடையில் கண்ணாடி துடைத்துவிட்டு வந்தார். இரவு சாப்பிடும்போது, "வெறுங்கையோட வரச் சொல்லு" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். இன்னும் ஆறவில்லை, நீ பார்த்து நடந்துகொள்.

இன்னொன்று நேராகச் சொல்ல வேண்டும். நீ அதைப் புரிந்துகொண்டாயா என்று எனக்குச் சந்தேகம். உடம்பு தேறினாலும் அந்தக் கடைக்குள் நான் இனி வர முடியாது. பாத்திரத்தைக் கொதிக்க வைத்தாலும், சுவரைக் கழுவினாலும், புதுக் கரண்டி வாங்கினாலும். எனக்காகக் காத்திருக்காதே. ஆணியில் இருக்கிற ஏப்ரனை எடுத்துவிடு.

இங்கே ஒரு சின்ன ஜாடி வைத்திருக்கிறேன். அரிசி மாவும் தண்ணீரும். ரொம்ப நாள் ஒன்றுமே நடக்கவில்லை, நேற்றுத்தான் ஓரத்தில் நாலு குமிழி வந்தது. பொங்குவதற்குத் தெம்பில்லை, தண்ணியாகக் கிடக்கிறது. அதற்கு நோஞ்சான் என்று பெயர் வைத்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்கு இனி வேண்டாம் அண்ணா. எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பழைய ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது.

வா. நோஞ்சானிலிருந்து எடுத்துப் பிரவுனி செய்வேன். நன்றாக வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மூலைத் துண்டு உனக்கு.

வருவாயா?

தங்கை


மே 16

என் தங்கச்சிக்கு,

கடை திறந்துவிட்டேன். வாத்தியார் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். செய்தித்தாளைப் பாதியாகப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

ஏப்ரனை எடுத்துவிட்டேன். நீ கடைக்கு வரமாட்டாய் என்று உன் கடிதத்தில் படித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அதை மடித்து என்ன செய்வது, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோதுதான் உறைத்தது. ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. அதில் என் சட்டையை மாட்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்கு முந்தின நாள் மாவைத் தொட மாட்டேன், வேலையை உன் அண்ணி பார்த்துக்கொள்வாள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். தலைக்கு இரண்டு தடவை குளிப்பேன். உன் அண்ணி புதுச் சட்டை, புதுச் செருப்பு வாங்கி, வீட்டுக்குள் கொண்டுவராமல் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறாள். அங்கேயே மாற்றிக்கொண்டு நேராக பஸ் ஏறுகிறேன். வாசலில் நின்று மாப்பிள்ளை என்னை உதற வேண்டும் என்றால் உதறட்டும்.

நான் எந்த வீட்டுக்கும் பெட்டி இல்லாமல் போனதில்லை. துக்க வீட்டுக்குக்கூட பன் கொண்டு போனவன். இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் பயமாக இருக்கிறது. ஆனாலும் வெறுங்கையோடுதான் வருகிறேன். நோஞ்சான் எப்படி வந்தாலும் மூலைத் துண்டை முழுசாகத் தின்பேன்.

இதைக் கடையில் உட்கார்ந்து எழுதவில்லை. குளித்துவிட்டு, தபால் அலுவலகத்துக்கு வந்து, இங்கேயே தாளும் உறையும் வாங்கி, நூலில் கட்டி வைத்திருக்கிற பேனாவால் எழுதுகிறேன். நூல் நீளம் போதாமல் வரி கோணலாகப் போகிறது. பின்னால் நிற்கிறவர்கள் முறைக்கிறார்கள்.

மாப்பிள்ளையிடம் கொடுக்காதே. பால்கனிக்கும் கொண்டு போகாதே. இதை நீயே பிரித்துப் படி.

அண்ணன்